பன்னீர் திராட்சைக்குள் ஒரு குட்டிக் கத்தரி

திராட்சைக் கொத்தைக் கையில் எடுத்ததும் வியாபாரி முதலில் பார்ப்பது ருசியை இல்லை, நிறத்தை. கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்ட யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இனிக்கிறதா புளிக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். கொத்து முழுக்க ஒரே கருப்பாக இருந்தால் ஒரு விலை. நடுநடுவே நாலு செங்காய் எட்டிப் பார்த்தால் வேறு விலை. பச்சையாகவே நின்றுவிட்ட காய் நிறைய இருந்தால்... கொத்தையே தள்ளி வைத்துவிடுவார்.

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு சித்திரை வெயிலில் அப்படித்தான் ஆனது. ஒன்றே கால் ஏக்கர் பந்தல். வியாபாரி வந்தார், பந்தலுக்கு அடியில் குனிந்து ஒரு சுற்று நடந்தார், "கலர் பத்தலையே பெரியவரே" என்றார். முதலில் பேசிய விலையில் கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைத்துக்கொண்டார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பறித்த பழத்தை வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்ன?

அவருடைய பேத்தி மதுரையில் எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தவளைப் பார்த்துத்தான் அன்று சாயங்காலம் அவர் கேட்டார்.

"ஏத்தா, ஒரே கொடி. ஒரே தண்ணி. ஒரே ஒரம். ஒரே கொத்துல ஒண்ணு கருக்குது, ஒண்ணு செவக்குது, ஒண்ணு பச்சையாவே நிக்குது. ஏன்னு ஒங்க புஸ்தகத்துல போட்டிருக்கா?"

"தெரியல தாத்தா. பாத்துச் சொல்றேன்."

கேள்வி சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் கடந்த 30 வருஷத்து உயிரியலில் பெரிய கேள்விகளில் ஒன்று இதுவேதான். ஒரே டி.என்.ஏ. வைத்திருக்கும் செல்கள் ஏன் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை? பேத்தி தேடிப் போனபோது கிடைத்த பதில் ஒரு புழுவில் ஆரம்பித்து, ஒரு பெட்டூனியாப் பூவைத் தொட்டு, பெங்களூரு வரை வந்து, கடைசியில் திராட்சைத் தோலில் போய் நின்றது.

முதலில் பழத்தைப் பற்றிக் கொஞ்சம். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை என்று சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். 2023ல் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகாராஷ்டிராவில் திராட்சை வருஷத்துக்கு ஒரு சீசன்தான். இங்கே கவாத்து செய்கிற நாளை மாற்றி மாற்றி வைத்து வருஷம் பூராவும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். புவிசார் குறியீடு வந்த சமயத்தில் செய்திகளில் ஒரு விஷயம் அடிபட்டது: இந்த ரகத்தை 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மஸ்கட் ஹாம்பர்க் என்கிற ரகமே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது என்பதுதான் திராட்சை வரலாற்றுக்காரர்கள் சொல்லும் கணக்கு. இரண்டும் ஒத்துப்போகவில்லை. பாதிரியார் கொண்டுவந்தது வேறு ரகமாக இருக்கலாம். போகட்டும்.

அதன் அப்பா அம்மா யார் என்பதில் சந்தேகம் இல்லை. டி.என்.ஏ. பரிசோதனை சொல்லிவிட்டது. ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா, வெள்ளைத் திராட்சை. பன்னீர் வாசனை அங்கிருந்து வந்தது. இன்னொன்று ஸ்கியாவா க்ரோசா, கருப்புத் திராட்சை. நிறம் அங்கிருந்து வந்தது. இந்த வெள்ளை, கருப்பு விவகாரம் பின்னால் தேவைப்படும், ஞாபகத்தில் இருக்கட்டும்.

கொடியின் வேர், இலை, பூ, பழத்தோல், விதை, எல்லாவற்றிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. 2007ல் பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து திராட்சையின் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். சுமார் 30,000 மரபணுக்கள். நிறம் செய்யத் தேவையான மரபணுக்கள் வேரிலும் இருக்கின்றன, சதையிலும் இருக்கின்றன. ஆனால் பன்னீர் திராட்சையை உரித்துப் பார்த்தால் தோல் மட்டும்தான் கருப்பு, உள்ளே சதை வெளிறிப் போய் இருக்கும். ஆக மரபணு இருந்தால் மட்டும் போதாது. அது வேலை செய்ய வேண்டும். எந்த இடத்தில், எந்த நாளில், எவ்வளவு என்பதுதான் விஷயம். இதற்குத்தான் 'ஜீன் எக்ஸ்பிரஷன்', மரபணு வெளிப்பாடு என்று பெயர்.

தாத்தாவுக்கு இதைச் சொல்லப் பேத்தி எடுத்துக்கொண்ட உதாரணம் முல்லைப் பெரியாறு. வேறு எதைச் சொன்னாலும் அந்த ஊரில் எடுபடாது!

1895ல் கட்டி முடித்த அணை. தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. அங்கிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் போக வேண்டும். அணையில் தண்ணீர் இருக்கிறது என்பதால் வயலில் நெல் விளைந்துவிடுமா? ஷட்டரைத் தூக்க வேண்டும். வாய்க்காலில் ஓடி வர வேண்டும். மடை திறந்திருக்க வேண்டும். அப்புறம்தான் வயல்.

டி.என்.ஏ.தான் அணை. செல்லின் உட்கருவுக்குள்ளேயே கிடக்கும், வெளியே வராது. ஒரு மரபணு வேலை செய்ய வேண்டும் என்றால் முதலில் அதை நகல் எடுக்க வேண்டும். அந்த நகல்தான் தூது ஆர்.என்.ஏ. இது ஷட்டரைத் தூக்கித் தண்ணீர் விடுகிற மாதிரி. நகல் உட்கருவை விட்டு வெளியே வந்து ரைபோசோமில் புரதமாக மாறுகிறது. தண்ணீர் வயலுக்கு வந்து நெல் ஆகிற மாதிரி.

ரொம்ப நாள் வரைக்கும் விஞ்ஞானிகள் நினைத்தது என்னவென்றால், எல்லாக் கட்டுப்பாடும் ஷட்டரிலேயே நடக்கிறது என்று. தூக்கினால் வேலை, இறக்கினால் நிறுத்தம். ஆனால் ராத்திரி யாரோ மண்வெட்டியோடு வந்து நடு வாய்க்காலில் மண்ணை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டால்? ஷட்டர் திறந்திருக்கிறது, அணையில் தண்ணீர் குறைகிறது, வயலுக்கு மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. இப்படி நடு வாய்க்காலை அடைக்கிற ஆள்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ.

"அப்ப களவாணிப் பயதான?" என்றார் தாத்தா.

"இல்ல தாத்தா, இவனையும் அந்த டி.என்.ஏ.தான் அனுப்புது. சம்பளம் குடுத்து வச்ச ஆளு."

இந்த ஆளைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. சி. எலிகன்ஸ் என்று ஒரு புழு, ஒரு மில்லிமீட்டர் நீளம். அமெரிக்காவில் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் என்று இரண்டு பேர் தனித்தனி ஆய்வகங்களில் இந்தப் புழுவின் இரண்டு மரபணுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று லின்-4, இன்னொன்று லின்-14. லின்-4 வேலை செய்தால் லின்-14 அடங்கிப்போகிறது. எப்படி? லின்-4 ஏதோ ஒரு புரதத்தைச் செய்து அதை அடக்குகிறது என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் லின்-4 எந்தப் புரதத்தையும் செய்யவில்லை. அது செய்தது 22 எழுத்து நீளமுள்ள ஒரு ஆர்.என்.ஏ. துண்டு, அவ்வளவுதான்! இரண்டு ஆய்வகங்களும் எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்தத் துண்டின் எழுத்துகள் லின்-14 தூது ஆர்.என்.ஏ.யின் வால் பகுதியில் பல இடங்களில் பூட்டும் சாவியும் மாதிரிப் பொருந்தின. 1993ல் செல் இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன.

வந்து என்ன? யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 'புழுவுக்கு ஏதோ விசித்திரம்' என்று விட்டுவிட்டார்கள். ஏழு வருஷம் கழித்து 2000ல் ருவ்குன் குழு லெட்-7 என்ற இன்னொன்றைக் கண்டுபிடித்தது. அது புழுவில் மட்டும் இல்லை, ஈ, மீன், மனிதன் என்று எல்லாவற்றிலும் இருந்தது. அதன் பிறகுதான் கூட்டம் கூடியது. மனிதனுக்கு மட்டும் ஆயிரத்துக்கும் மேல் மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுக்கள் இருப்பது இப்போது தெரியும். 2024ல் இரண்டு பேருக்கும் மருத்துவ நோபல். அந்த 1993 லின்-4 கட்டுரையின் முதல் பெயர் ஆம்ப்ரோஸுடையது இல்லை, ரோசலிண்ட் லீயுடையது. அவர் ஆம்ப்ரோஸின் மனைவியும்கூட. நோபல் அவருக்குப் போகவில்லை. விதி அப்படி, இது அப்படி என்று ஆயிரம் காரணம் சொல்லலாம், ஆனாலும் உறுத்தத்தான் செய்கிறது.

செடிக்காரர்களுக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. ஏனென்றால் இப்படி ஏதோ ஒன்று நடக்கிறது என்பது செடியில் முன்பே தெரிந்திருந்தது. அதுவும் பூவின் நிறத்தில்.

1990ல் ரிச்சர்ட் ஜோர்கென்சன் குழு கலிஃபோர்னியாவில் பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்கப் பார்த்தது. நிறம் செய்கிற வழியில் ஒரு முக்கிய நொதி சால்கோன் சிந்தேஸ். அதன் மரபணுவை இன்னொரு பிரதி சேர்த்துச் செடிக்குள் வைத்தார்கள். இரண்டு மாடு பூட்டினால் வண்டி வேகமாகப் போகும் என்கிற கணக்கு. பூத்தது பார்த்தால்... வெள்ளை! சிலது பாதி வெள்ளை பாதி ஊதா. சேர்த்த மரபணுவும் அடங்கிப்போய், ஏற்கெனவே இருந்ததையும் அடக்கிவிட்டது. 1998ல் ஆண்ட்ரூ ஃபயர், கிரேக் மெல்லோ இரண்டு பேரும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.தான் இந்த மாதிரி அடக்குதலுக்குக் காரணம் என்று புழுவில் காட்டி 2006ல் நோபல் வாங்கினார்கள். 1999ல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ஹாமில்டன், டேவிட் பால்கோம்ப் இருவரும் அடங்கிப்போன செடிகளுக்குள் குட்டி ஆர்.என்.ஏ. துண்டுகள் இருப்பதைப் பிடித்தார்கள். பால்கோம்ப் பெயரை மறக்க வேண்டாம், திரும்ப வருவார்.

சரி, செடியின் செல்லுக்குள் இது எப்படி நடக்கிறது?

மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கும் டி.என்.ஏ.யில் ஒரு இடம் உண்டு. அங்கிருந்து முதலில் ஒரு நீளமான ஆர்.என்.ஏ. எடுக்கப்படுகிறது. அது தன்மேல் தானே மடிந்து கொண்டை ஊசி மாதிரி ஆகிறது. (தலையில் குத்துகிற கொண்டை ஊசியை நினைத்தாலும் சரி, குமுளி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவை நினைத்தாலும் சரி, வடிவம் ஒன்றுதான்.) டைசர் வகையைச் சேர்ந்த ஒரு நொதி அந்த ஊசியை இரண்டு இடத்தில் நறுக்கி, 21 எழுத்துள்ள குட்டித் துண்டை எடுக்கிறது. சிலது 22 எழுத்து. அதன் நுனியில் ஒரு மெத்தில் தொப்பி மாட்டப்படுகிறது. இல்லாவிட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும். அப்புறம் ஆர்கோநாட் என்ற புரதம் அந்தத் துண்டைத் தூக்கி வைத்துக்கொள்கிறது.

இனிமேல் ஆர்கோநாட்தான் கத்தரி. அந்த 21 எழுத்துத் துண்டு எதை வெட்டணும் என்கிற விலாசச் சீட்டு. செல்லுக்குள் ஆயிரக்கணக்கான தூது ஆர்.என்.ஏ.க்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சீட்டில் உள்ள எழுத்துக்குப் பொருந்துகிற எழுத்து எதில் இருக்கிறதோ அதைப் பிடித்து, பத்தாவது எழுத்துக்கும் பதினோராவது எழுத்துக்கும் எதிரே ஒரே வெட்டு. அவ்வளவுதான். தூது போச்சு, புரதம் கிடையாது.

மிருகங்களில் இது கொஞ்சம் மாறும். அங்கே முழுச் சீட்டும் பொருந்த வேண்டியதில்லை, இரண்டாவது எழுத்திலிருந்து எட்டாவது வரை பொருந்தினாலே பெரும்பாலும் போதும். வெட்டாமல், புரதம் ஆவதைத் தடுத்து, மெல்லச் சிதைய விட்டுவிடும். அதனால் ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான தூதுகளைக் கொஞ்சம் கொஞ்சம் அமுக்கும். செடியில் ஆள் குறைவு, அடி பலம்.

இப்போது திராட்சைக்கு வரலாம்.

திராட்சைத் தோலுக்குக் கருப்பு கொடுப்பது அந்தோசயனின் என்ற நிறமி. அதைச் செய்கிற நொதிகளுக்கெல்லாம் 'வேலையை ஆரம்பி' என்று உத்தரவு கொடுக்கிற மேஸ்திரிகள் எம்.ஒய்.பி. என்ற குடும்பத்துப் புரதங்கள். திராட்சைத் தோலில் முக்கிய மேஸ்திரி எம்.ஒய்.பி.ஏ.1. 2004ல் ஜப்பானில் கோபயாஷி குழு சயன்ஸ் இதழில் ஒரு அழகான கட்டுரை வெளியிட்டது. வெள்ளைத் திராட்சைகளில் இந்த எம்.ஒய்.பி.ஏ.1 மரபணுவின் வாசலில் க்ரெட்1 என்று ஒரு தாவும் மரபணு வந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஷட்டரே தூக்க முடியவில்லை. மேஸ்திரி இல்லை, நிறம் இல்லை, வெள்ளை.

இதில் கம்பத்துக்காரர்களுக்கு ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. அந்த ஆராய்ச்சியில் பயன்பட்ட வெள்ளைத் திராட்சைகளில் ஒன்று இத்தாலியா. அது 1911ல் இத்தாலியில் உருவாக்கப்பட்ட ரகம். அதன் பெற்றோரில் ஒன்று யார் தெரியுமா? மஸ்கட் ஹாம்பர்க்! கம்பத்துப் பன்னீர் திராட்சையின் பிள்ளை வெள்ளையாகப் பிறந்திருக்கிறது. எப்படி? பன்னீர் திராட்சையின் ஒரு பெற்றோர் வெள்ளை என்று முன்னால் பார்த்தது இதற்குத்தான். அதனிடமிருந்து வந்த பிரதியில் க்ரெட்1 உட்கார்ந்திருக்கிறது. கருப்புப் பெற்றோரிடமிருந்து வந்த பிரதி நல்ல பிரதி. ஆக, பன்னீர் திராட்சை ஒற்றைக் காலில் நின்று கருப்பாகிற ரகம். அந்த வெள்ளைப் பிரதி பிள்ளைக்குப் போனால் வெள்ளை வர வாய்ப்பு உண்டு. அதே இத்தாலியாவில் ஒரு கிளை திடீரென்று சிவப்பாகக் காய்த்தது, ரூபி ஒகுயாமா என்று பெயர். பார்த்தால், வாசலில் உட்கார்ந்திருந்த க்ரெட்1 பெரும்பாலும் எழுந்து போயிருந்தது!

இது ஷட்டர் கதை. மண்வெட்டிக்காரன் எங்கே?

அவனைப் பிடித்தது பெங்களூருவில். தேசிய உயிரியல் அறிவியல் மையம், சுருக்கமாக என்.சி.பி.எஸ். அங்கே பி.வி. சிவபிரசாத் ஆய்வகம். முன்பு கேம்பிரிட்ஜில் இருந்தவர், அதுவும் மேலே சொன்ன டேவிட் பால்கோம்ப்பின் ஆய்வகத்தில். 2019ல் இவர்கள் குழு, வர்ஷா திருமலை முதல் ஆசிரியராக, ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் பாட்டனியில் ஒரு கட்டுரை வெளியிட்டது. நிறம் அடர்ந்த திராட்சையையும் வெளிறிய திராட்சையையும் வைத்துக்கொண்டு, இரண்டிலும் உள்ள குட்டி ஆர்.என்.ஏ.க்களை எல்லாம் எண்ணிப் பார்த்தார்கள். நிறம் அடர்ந்ததில் இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் ஏராளமாக இருந்தன: மிர்-828, மிர்-858. இரண்டும் வெட்டுவது யாரை? எம்.ஒய்.பி. குடும்பத்தை!

இங்கேதான் யாருக்கும் ஒரு நிமிஷம் குழம்பும். எம்.ஒய்.பி.தானே நிறத்துக்கு மேஸ்திரி? அவனை வெட்டினால் நிறம் குறைய வேண்டும் அல்லவா? நிறம் அடர்ந்த பழத்தில் அவனை வெட்டுகிற கத்தரி எதற்கு அதிகமாக இருக்கிறது?

விடை, அந்தக் குடும்பத்தில் எல்லோரும் நல்லவர்கள் இல்லை என்பது. (எந்தக் குடும்பத்தில் இருக்கிறார்கள்!) எம்.ஒய்.பி. ஆட்களில் சிலர் நிறத்தை ஏற்றுகிறவர்கள், சிலர் தடுக்கிறவர்கள். நிறம் ஏற்றுகிற மேஸ்திரி தனியாக வேலை செய்வதில்லை, இரண்டு கூட்டாளிப் புரதங்கள் வேண்டும். மூன்று பேர் சேர்ந்துதான் ஷட்டரைத் தூக்க முடியும். தடுக்கிற ஆட்களில் பலர் அந்தக் கூட்டாளியை இழுத்து வைத்துக்கொண்டு விடமாட்டார்கள், அல்லது ஷட்டரையே அமுக்கிப் பிடிப்பார்கள். திராட்சையில் இந்த இரண்டு கத்தரிகளும் குறிவைக்கிற முக்கிய ஆள் எம்.ஒய்.பி.114, தடுக்கிற கட்சி. அவனை வெட்டிப் போட்டால் வழி விடுபட்டு அந்தோசயனின் ஏறுகிறது. ஃப்ளேவனால் என்ற இன்னொரு வகையும் கூடவே ஏறுகிறது.

இதைக் கேட்டதும் தாத்தா சிரித்துவிட்டாராம். "வெட்டுறவனுக்கு ஒரு வெட்டுறவனா? சரிதான், எதிரிக்கு எதிரி நமக்குச் சேக்காளி."

மிர்-828க்கு இன்னொரு குணமும் உண்டு. இது 22 எழுத்துக்காரன். 22 எழுத்துக் கத்தரி வெட்டினால் பல சமயம் வெட்டோடு நிற்பதில்லை. வெட்டுப்பட்ட தூதை ஆர்.டி.ஆர்.6 என்ற நொதி எடுத்து இரட்டை இழையாக்குகிறது. அதை டைசர்கள் வரிசையாக நறுக்கிப் புதிய குட்டி ஆர்.என்.ஏ.க்களை உண்டாக்குகின்றன. அந்தக் குட்டிகளும் கத்தரியில் ஏறி, அதே குடும்பத்தைத் தேடிப் போகின்றன. ஒரு வெட்டிலிருந்து ஒரு படையே கிளம்புகிற மாதிரி.

வேடிக்கை என்னவென்றால், இதே மிர்-828 அராபிடாப்சிஸ் என்கிற ஆய்வகச் செடியில் நேர் எதிர் வேலை செய்கிறது. அங்கே அது நிறம் ஏற்றுகிற எம்.ஒய்.பி.க்களை அடக்குகிறது, அதாவது பிரேக். அதே செடியில் மிர்-156 என்று வேறொன்று கூடினால் நிறமும் கூடுகிறது என்று 2011ல் காட்டினார்கள். அதுவும் ஒரு தடுக்கிற புரதத்தை வெட்டித்தான். கத்தரிக்கு நல்லது கெட்டது தெரியாது, சீட்டில் எழுதியிருப்பதுதான் தெரியும். அந்தச் செடியில் அந்த எழுத்து யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம். ஆகவே "இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. நிறம் கொடுக்கும்", "இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. புற்றுநோய் கொடுக்கும்" என்று ஒற்றை வரியில் வரும் செய்திகளைப் படிக்கும்போது கொஞ்சம் நிதானம் தேவை.

அப்படியானால் சுருளிப்பட்டித் தோட்டத்துச் செங்காய்க்குக் காரணம் மைக்ரோ ஆர்.என்.ஏ.வா? இப்படி ஒரு முடிவுக்குத் தாவிவிட ஆசையாக இருக்கும். பேத்திக்கும் இருந்தது. ஆனால் அவள் தாத்தாவிடம் அப்படிச் சொல்லவில்லை, அதுதான் சரி. பெங்களூருக்காரர்கள் காட்டியது செல்லுக்குள் இருக்கும் ஒரு கட்டுப்பாட்டை. தோட்டத்தில் நிறத்தைக் கெடுக்கிற காரணங்கள் வேறு வரிசையில் நிற்கின்றன. முதல் ஆள் வெயில். 2007ல் ஜப்பானில் கேபர்னே சாவிஞ்யோன் திராட்சையை வைத்துச் செய்த ஒரு சோதனையில், 35 டிகிரி வரை சூடாக வளர்த்த பழத்தில் அந்தோசயனின், 25 டிகிரியில் வளர்த்ததில் பாதிக்கும் கீழே இருந்தது. சூட்டில் நிறமி உருவானதே சிதைந்துபோகிறது. அடுத்தது பாரம். கொடி தாங்குகிற அளவுக்கு மேல் கொத்து விட்டால் எல்லாவற்றுக்கும் சர்க்கரை பத்தாது, சர்க்கரை ஏறாமல் நிறம் ஏறாது. அடுத்தது நிழல். தழைச்சத்து கூடிப்போய் இலை மண்டிக் கிடந்தால் கொத்துக்கு வெளிச்சம் படாது. பழங்கள் ஒரே நாளில் பூத்துக் காய்த்தவையும் இல்லை. ஒரு கொத்துக்குள்ளேயே ஒவ்வொரு பழத்துக்கும் வயசு வேறு, நிறம் ஏற ஆரம்பிக்கிற நாளும் வேறு. இந்தச் சேதி எல்லாம் கடைசியில் செல்லுக்குள் போய் அந்த ஷட்டர்களையும் கத்தரிகளையும்தான் ஆட்டிவைக்கிறது.

"அந்தக் கத்தரிய மருந்தா அடிக்க முடியுமாத்தா? எத்ரல் அடிக்கிறாகளே, அது மாதிரி?"

கேட்டாரே ஒரு கேள்வி! உலகத்தில் பெரிய பெரிய கம்பெனிகள் பணம் போட்டுக் கேட்கிற கேள்வி அது.

முடியும், ஆனால் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. அமெரிக்காவில் 2023 டிசம்பரில் லெட்ப்ரோனா என்ற மருந்துக்கு அவர்களுடைய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அனுமதி கொடுத்தது. உருளைக்கிழங்குச் செடியைத் தின்கிற கொலராடோ வண்டுக்கு எதிரான மருந்து. உள்ளே இருப்பது ரசாயன விஷம் இல்லை, இரட்டை இழை ஆர்.என்.ஏ. வண்டு இலையைத் தின்னும், ஆர்.என்.ஏ. வயிற்றுக்குள் போகும், வண்டின் டைசரே அதை நறுக்கும், வண்டின் கத்தரியே வண்டுக்கு அவசியமான ஒரு தூதை வெட்டும். சொந்தக் கையாலேயே சாவு. இது மைக்ரோ ஆர்.என்.ஏ. இல்லை என்றாலும் ஓடுகிற யந்திரம் ஒன்றேதான்.

வண்டு வாயால் தின்கிறது, அதனால் எளிது. திராட்சைத் தோலுக்கு வாய் கிடையாது. மேலே மெழுகுப் பூச்சு வேறு. தெளித்த ஆர்.என்.ஏ. வெயிலிலும் மழையிலும் சீக்கிரம் சிதையும். அதையும் தாண்டி உள்ளே போய், சரியான நாளில், சரியான ஆளை மட்டும் வெட்ட வேண்டும்.

"அதனால யாராச்சும் ஆர்.என்.ஏ. டானிக், கலர் டானிக்குன்னு பாட்டில் கொண்டுக்கிட்டு வந்தா வாங்கிப்புடாதீக தாத்தா" என்றாள் பேத்தி. அவர் தலையாட்டினார். ஆனால் பந்தலைப் பிரித்துவிட்டு வாழை வைக்கலாமா என்று அவர் அந்த மாதம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, பதினெட்டு வருஷம் காய்த்த பந்தல்.

அடுத்த கவாத்துக்கு முன்னால் ஒரு ஒப்பந்தம் ஆனது. இரண்டு வரிசையில் மட்டும் பேத்தி சொல்கிறபடி. காய் பட்டாணி அளவு இருக்கும்போதே ஒவ்வொரு கொடியிலும் மூன்றில் ஒரு பங்கு கொத்தைக் கழித்துவிடுவது, கொத்தை மறைக்கிற இலைகளைக் கிள்ளுவது, யூரியாவைக் குறைப்பது. மீதி வரிசைகள் எப்போதும் போல. நல்ல காயை வெட்டி மண்ணில் போடும்போது தாத்தா அந்தப் பக்கமே வரவில்லையாம். அறுவடை நாளில் அந்த இரண்டு வரிசைக்கும் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. வியாபாரி ரிப்பன் கட்டிய பக்கமே இரண்டு முறை போய் நின்றார். அதற்குத் தனி விலை போட்டார், மற்றதைவிடக் கிலோவுக்கு ஒன்பது ரூபாய் கூட. எடை மட்டும் குறைந்திருந்தது, குறையத்தானே செய்யும்.

பேத்தி ராத்திரி நோட்டை எடுத்து வரிசைவாரியாகக் கணக்குப் போட்டாள். ரிப்பன் வரிசையில் கொஞ்சம் கூடுதலாக வந்திருந்தது. பெரிய தொகை இல்லை, ஆனாலும் கூடுதல். நோட்டைக் கொண்டுபோய்த் தாத்தாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ் வரைக்கும் விரல் வைத்துப் படித்தார்.

"கொத்துக் கழிச்ச ஆளுக்கு ரெண்டு நாள் கூலி குடுத்தமே, அத எங்கத்தா காணோம்?"

பேத்தி பேனாவைத் தேட உள்ளே போனாள்.